மலை ஏறி இறங்குகிறவர்களுக்கும் சுகர் வருவது ஏன்?

"மலைக்காரங்களுக்குச் சுகரெல்லாம் வராது" என்று நீலகிரியில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏறி இறங்குகிற கால், குளிர்ந்த காற்று, வீட்டுத் தோட்டத்து அவரையும் கேரட்டும் இருக்கும்போது நோய் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் நியாயம். ஆனால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு மருந்துக் கடை முன்னால் மாலை நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தோட்டத்தில் இலை பறிக்கிற அக்காவும் வருவார், பிக்கப் வண்டி ஓட்டுகிற தம்பியும் வருவார்.

நோய் பரவிய அளவுக்கு அதைப் பற்றிய தெளிவு பரவவில்லை. இனிப்பு அதிகம் தின்றவனுக்குத்தான் சுகர் வரும், ஒல்லியாக இருந்தால் வராது, வெல்லம் போட்டால் பரவாயில்லை, கேரட் மண்ணுக்கடியில் விளைவதால் ஆகாது, ஹார்ட் அட்டாக் வேறு கதை. டீக்கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இவ்வளவும் காதில் விழும். ஒன்றிரண்டில் பாதி உண்மை இருக்கிறது, மற்றவை தவறு. இதனால் என்ன ஆகிறது என்றால், கேரட்டை ஒதுக்கிவிட்டுத் தட்டு நிறையச் சோறு சாப்பிடுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். நகரத்தில் அதிகம்தான், ஆனால் கிராமமும் தப்பவில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது முதல் வகைச் சர்க்கரை நோய். பெரும்பாலும் சிறு வயதில் வரும், சாப்பாட்டால் வருவதில்லை, இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாது. நம் ஊரில் "சுகர்" என்று சொன்னால் பெரும்பாலும் அது இரண்டாம் வகை. இங்கே பேசப்போவது அதைப் பற்றித்தான்.

## ரத்தத்தில் இருப்பது ஒரு ஸ்பூன்

ஆரோக்கியமான ஒரு பெரியவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அத்தனை ரத்தத்திலும் சேர்த்து, வெறும் வயிற்றில் இருக்கும் சர்க்கரை நாலைந்து கிராம்தான். அதாவது ஒரு டீஸ்பூன். இந்தச் சர்க்கரைக்குக் குளுக்கோஸ் என்று பெயர். மூளைக்கும் தசைக்கும் இதுதான் எரிபொருள்.

இப்போது மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. வயிற்றுக்குள் போனதும் சங்கிலி அறுந்து எல்லாம் குளுக்கோஸாகிவிடும். ஓட்டலில் வைக்கிற முதல் சோறும் சாம்பாருக்குப் பிறகு ரசத்துக்கு வாங்கும் இரண்டாம் சோறுமாகச் சேர்த்து 300 கிராம் ஆகிறது என்று வையுங்கள். 80 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் ரத்தத்துக்குள் வந்து இறங்கும். ஒரு ஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு, பதினேழு ஸ்பூன்!

அது அப்படியே ரத்தத்தில் நின்றால் உடம்பு தாங்காது. ஆனால் நோயில்லாதவர்களுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் வடிந்து பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வந்த சர்க்கரை எங்கே போயிற்று? சுகர் நோயைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்.

## ஃபேக்டரி வாசலில் நிற்கிற இலை

சீசன் உச்சத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி வாசலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதில் சுலபமாகப் பிடிபடும். மழை பெய்து வெயில் அடித்ததும் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் கொழுந்து வருகிறது. மூட்டை மூட்டையாகப் பச்சை இலை வண்டியில் ஏறி ஃபேக்டரிக்கு வருகிறது. உள்ளே வாட்டும் தொட்டிகள் காலியாக இருந்தால் கேட்டைத் திறக்கிறார்கள், இலை உள்ளே போகிறது, அடுத்த வண்டி வருகிறது. தொட்டிகள் நிரம்பியிருந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்தாலும் பயனில்லை. வண்டி ரோட்டிலேயே நிற்கும். மூட்டைக்குள் இலை சூடேறிச் சிவந்துபோகும்.

சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரைதான் இலை. ரத்தம்தான் ரோடு. தசையும் கல்லீரலும் ஃபேக்டரி. கேட்டைத் திறக்கிற வாட்ச்மேன் இன்சுலின். சுகர் என்கிற நோய் ரோட்டில் நிற்கிற வண்டிகளின் எண்ணிக்கை. இலை அதிகம் வந்ததாலும் நிற்கலாம், ஃபேக்டரி வேலை செய்யாததாலும் நிற்கலாம், வாட்ச்மேன் போதாததாலும் நிற்கலாம். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன.

## உடம்புக்குள் நிஜமாக நடப்பது

வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கணையம் என்னும் உறுப்பு சுரக்கிற ஹார்மோன்தான் இன்சுலின். 1921-ல் கனடாவின் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் அதைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் இன்சுலின் வெளியே வருகிறது. தசைச் செல்களிடம் "எடுத்துக்கொள்" என்கிறது. கல்லீரலிடம் "நீ வெளியே விடாதே, சேர்த்து வை" என்கிறது.

தசை தனக்குள் 400 கிராம் அளவுக்கும், கல்லீரல் 100 கிராம் அளவுக்கும் குளுக்கோஸைக் கோத்துச் சேர்த்து வைக்கும். இந்தச் சேமிப்புக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். இடம் அவ்வளவுதான். வேலை செய்யும் ஆளுக்குத் தசைச் சேமிப்பு தினமும் கரைந்து தினமும் நிரம்பும். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அது கரைவதே இல்லை. அடுத்த வேளைச் சாப்பாடு வரும்போது இடம் நிரம்பிக் கிடக்கிறது. மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பு கல்லீரலிலேயே தங்குகிறது, கணையத்தில் படிகிறது, தசைக்குள் புகுகிறது, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி அடைகிறது.

இப்படிக் கொழுப்பு ஏறிய தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். கணையம் என்ன செய்யும்? ஒரு மடங்கு சுரந்த இடத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரக்கும். அதனால் ரத்தத்தில் சர்க்கரை அளவு பல வருடங்கள் சரியாகவே காட்டும். டெஸ்ட்டில் நார்மல் என்று வரும். உள்ளே கணையம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் அதன் செல்கள் தளர்ந்ததும்தான் ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. ஆக, சுகர் என்று ரிப்போர்ட்டில் வருகிற நாள் நோய் தொடங்கிய நாள் கிடையாது.

பலரும் கேட்கிற ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. "ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படி 150 காட்டுகிறது?" அது சாப்பாட்டுச் சர்க்கரை இல்லை, கல்லீரல் வெளியே விட்ட சர்க்கரை. இரவில் மூளைக்குத் தேவையானதைக் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இயல்பு. இன்சுலின் சொல்லைக் கேட்காத கல்லீரல் தேவைக்கு மேல் விட்டுக்கொண்டே இருக்கும். இதனால்தான் இரவுப் பட்டினி கிடந்தும் காலை அளவு இறங்கவில்லை என்று பலர் நொந்துபோகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சாப்பிட்ட மாவுச்சத்து எல்லாம் குளுக்கோஸாகிறது. அதைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. தசைக்கு வேலை இல்லாமல் போய், கல்லீரலில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் எடுபடாது. கணையம் ஈடுகொடுக்கும்வரை வெளியே தெரியாது.

## ஒல்லியாக இருந்தால் தப்பிக்கலாமா?

நம்மவர்கள் மிகவும் ஏமாறுகிற இடம் இது. தராசில் 60 கிலோ காட்டும், கை கால் குச்சியாக இருக்கும், ஆனால் சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரே உயரம், ஒரே எடையுள்ள ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால், நம் உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதுவும் வயிற்றுக்குள் தங்குகிற கொழுப்பு. சேமிக்கும் இடம் சிறியது, அடைப்பது பெரியது என்று ஆகிவிடுகிறது.

அதனால் எடையைவிட இடுப்பளவு நமக்கு நல்ல அடையாளம். டெய்லர் டேப்பை எடுத்து, மூச்சை வெளியே விட்டபின், தொப்புள் மட்டத்தில் இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் இந்தியர்களுக்கு அது எச்சரிக்கை அளவு. பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிற பேண்ட் எதையும் சொல்லாது.

அப்பா அம்மாவுக்குச் சுகர் இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதும் உண்மைதான். அதை மாற்ற முடியாது. ஆனால் முப்பது வயதில் வருவதா, அறுபதில் வருவதா, வராமலே போவதா என்பதில் சாப்பாட்டுக்கும் உடலுழைப்புக்கும் பெரிய பங்கு உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சுகரின் முன்நிலையில் இருந்தவர்களைப் பல குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டு கவனித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினமும் நடக்கச் சொன்ன குழுவில், அப்படி எதுவும் சொல்லப்படாத குழுவைவிடச் சுமார் 28 சதவீதம் குறைவாகவே நோய் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் குறைந்தது 26 சதவீதம். மாத்திரைக்குச் சமமாக நடையும் தட்டும் நின்றன. எடை பெரிதாகக் குறையாமலே இது நடந்தது என்பது நமக்கு முக்கியம். "எடை குறையவில்லையே" என்று நடப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## சுகரும் ஹார்ட்டும் தனித்தனிக் கதை இல்லை

ரோட்டில் வண்டி நின்றால் இலை மட்டும் கெடுவதில்லை, ரோடும் கெடுகிறது. சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏன் என்று பார்ப்போம்.

ரத்தக் குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் அளவுள்ள மெல்லிய படலத்தால் ஆனது. சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், புகை மூன்றும் இந்தப் படலத்தைப் புண்ணாக்குகின்றன. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பைச் சுமந்து திரிகிற நுண்துகள்களில் ஒன்றுக்கு எல்டிஎல் என்று பெயர். ரிப்போர்ட்டில் "கெட்ட கொழுப்பு" என்று சொல்வது இதைத்தான். புண்ணான இடத்தில் எல்டிஎல் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அதைத் தின்ன வருகிற வெள்ளையணுக்கள் தின்று வீங்கி அங்கேயே சாகின்றன. பல வருடங்களில் அந்த இடம் கொழுப்புத் திட்டாகிறது.

கொழுப்பு சேர்ந்து சேர்ந்து குழாய் முழுக்க அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பாதிகூட அடைக்காத ஒரு திட்டு திடீரென்று வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகி, சில நிமிடங்களில் குழாயை மூடிவிடுகிறது. அதற்கப்பால் இருக்கும் இதயத் தசைக்கு ரத்தம் இல்லை. நேற்றுவரை நன்றாக ஏற்றம் ஏறியவர் இன்று விழுவது இப்படித்தான்.

இன்சுலின் எதிர்ப்பு இதில் இன்னொரு வேலையும் செய்கிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல், ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில், "நல்ல கொழுப்பு" என்கிற எச்டிஎல் குறையும். ட்ரைகிளிசரைடு கூடுதல், எச்டிஎல் குறைவு என்கிற இந்த ஜோடி இந்தியர்கள் ரிப்போர்ட்டில் அடிக்கடி காண்பது. எண்ணெயே சேர்ப்பதில்லை, எப்படி ட்ரைகிளிசரைடு 250 என்று குழம்புகிறவர்கள் சோற்றையும் சர்க்கரையையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான காரணங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ஒன்பது விஷயங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்றது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மனஅழுத்தம், காய்கறி பழக் குறைவு, உடலுழைப்பு இல்லாமை ஆகியவை அதில் வருகின்றன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஆக, சுகர், பிரஷர், கொழுப்பு, மாரடைப்பு என்று நாலு பெயர் சொன்னாலும் அடியில் பெரும்பாலும் ஓடுவது ஒன்றுதான். நாலுக்கும் தனித்தனியாக "பத்தியம்" தேட வேண்டியதில்லை.

## டீ, வர்க்கி, சோறு

மலைச் சாப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது டீயை. டீயில் தவறே இல்லை. குளிருக்கு நாளொன்றுக்கு ஆறு டீ குடிப்பது இங்கே சாதாரணம். எழுந்ததும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, நாலு மணிக்கு, வீடு திரும்பியதும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 12 ஸ்பூன், 50 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. டீயிலேயே எல்லை தாண்டியாகிவிட்டது. லட்டு, ஜிலேபி எதுவும் இன்னும் தொடவில்லை!

"நான் நாட்டுச் சர்க்கரைதான் போடுகிறேன்" என்கிறவர்களுக்கு: வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். மலைத்தேனில் இருப்பதும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். காட்டில் எடுத்த தேன் என்பதால் ரத்தம் அதை விட்டுவைக்காது. ஒரேயடியாகச் சர்க்கரையை நிறுத்தினால் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி, சில வாரம் கழித்து ஒன்றாக்கி, அப்புறம் அரையாக்கினால் நாக்கு பழகிக்கொள்ளும்.

டீயோடு வருகிற வர்க்கிக்கு வருவோம். மைதா, சர்க்கரை, வனஸ்பதி மூன்றையும் மடித்து மடித்து விறகு அடுப்பில் சுட்டது. நீலகிரியின் சொந்தப் பண்டம், எனக்கும் பிடித்ததுதான். ஆனால் நார்ச்சத்து இல்லாத மாவும் கெட்டிக் கொழுப்பும் ஒன்றாகச் சேர்ந்த பண்டம் அது. வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு என்று ஒன்று உண்டு. எண்ணெயைச் செயற்கையாகக் கெட்டியாக்கும்போது உருவாவது, கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்குவது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்திருப்பது நல்ல செய்தி. அதற்காக வர்க்கி தினப்படி ஆகாரமாகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று சாப்பிடுவதும், தினமும் காலை டீக்கு மூன்று சாப்பிட்டு "டிபனே சாப்பிடவில்லை" என்பதும் வேறு வேறு.

சோறு பற்றிச் சொல்லும்போதுதான் எல்லோருக்கும் கோபம் வருகிறது. சோறே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தட்டில் முக்கால் பாகம் சோறாக இருக்கும் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒரு காலத்தில் நீலகிரியின் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், ராகியும் சாமையும் பார்லியும் விளைந்தன. ராகிக் களியோடு அவரைக் குழம்பு தினச் சாப்பாடு. நிலத்தில் உருளைக்கிழங்கும் பிறகு தேயிலையும் ஏறின, தட்டில் ரேஷன் அரிசி ஏறியது. சாப்பாட்டின் அளவு மட்டும் பழைய உழைப்புக்கு ஏற்றபடியே நின்றுவிட்டது.

ராகிக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதிலும் கவனம் வேண்டும். ராகியிலும் ஏறத்தாழ அரிசி அளவுக்கே மாவுச்சத்து இருக்கிறது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பது அதன் பலம். களியாகத் தின்றால் மெதுவாகச் செரிக்கும். நைஸாக அரைத்து, தண்ணீராகக் காய்ச்சி, வெல்லம் போட்டு இரண்டு டம்ளர் குடித்தால் ரத்தத்தில் வேகமாகவே ஏறும்.

உண்மையில் அந்தப் பழைய தட்டின் பலம் ராகியைவிட அவரையில் இருந்தது என்றே நினைக்கிறேன். அவரை, பட்டாணி, மொச்சை, பீன்ஸ் எல்லாவற்றிலும் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்தே இருக்கின்றன. நார்ச்சத்து குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கிறது, கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் இறக்குகிறது. புரதம் பசியைத் தாங்கும், தசையைக் காக்கும். நம் மண்ணில் நன்றாக விளைகிற இவற்றை விற்றுவிட்டு உருளைக்கிழங்குப் பொரியலைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோம். உருளைக்கிழங்கும் மாவுச்சத்துதான். சோற்றுக்குச் சோறே தொட்டுக்கொண்டது மாதிரி ஆகிறது. சாப்பிட ஆசையா, சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம்.

கேரட் பாவம். 100 கிராம் கேரட்டில் மாவுச்சத்து எல்லாம் சேர்த்து 10 கிராம் அளவுதான், அதிலும் கொஞ்சம் நார்ச்சத்து. பீட்ரூட்டும் அதற்கு நெருக்கம். மண்ணுக்கடியில் விளைகிறது என்பதால் இவற்றை ஒதுக்க வேண்டியதே இல்லை. பேரிக்காய், பிளம்ஸ், கொய்யா ஆகியவற்றை முழுப் பழமாகக் கடித்துத் தின்னலாம். ஜூஸாக்கினால் நார் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் மிஞ்சும்.

சாப்பிடும் வரிசையும் பலன் தருகிறது. முதலில் காய், அடுத்து பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு என்று போனால், அதே சாப்பாட்டுக்கே ரத்தத்தில் சர்க்கரை ஏற்றம் குறைகிறது. செலவில்லாத வேலை. முதல் உருண்டையே சோறாக இருந்து பழகியவர்களுக்குச் சில நாள் விநோதமாக இருக்கும்.

உப்பை மறக்கக்கூடாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், மிக்சர், அப்பளம் இருக்கும் வீட்டில் இது காலைக்குள் தீர்ந்துவிடும். பிரஷர் உள்ளவர்கள் மாத்திரையோடு இதையும் பார்க்க வேண்டும்.

## ஏற்றமும் இறக்கமும்

தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஃபேக்டரிக்குப் பின்பக்கம் இன்னொரு கேட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் சரியில்லாத இடத்திலும் அது திறக்கும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏற்றம் குறைவது இதனால்தான்.

அப்படியானால் நாள் முழுக்கச் சரிவில் நின்று இலை பறிக்கிற அம்மாவுக்கு எப்படிச் சுகர் வந்தது? அந்த உழைப்பு அவரை நிச்சயம் காக்கிறது. ஆனால் பரம்பரை, ஆறு டீ, தட்டுச் சோறு, புகையிலை எல்லாவற்றையும் அது ஒன்றே ஈடுகட்டாது. பல வீடுகளில் வேலையை விட்டு நின்ற பிறகுதான் சுகர் தெரிகிறது. உழைப்பு ஒரே நாளில் நிற்கிறது, தட்டு அப்படியே இருக்கிறது. அதே வீட்டு மகன் வண்டி ஓட்டுகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் நாளெல்லாம் ஏறி இறங்குவது வண்டிதான், அவர் கால் இல்லை. மலையில் இருந்தும், தரைநாட்டில் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

இறக்கம் பற்றி ஒரு நல்ல தகவல். ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 45 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. இரண்டு மாதம் மலை ஏறி, கேபிள் காரில் இறங்கினார்கள். இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி, நடந்து இறங்கினார்கள். ஏறியபோது ட்ரைகிளிசரைடு குறைந்தது. இறங்கியபோது உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. கெட்ட கொழுப்பு இரண்டிலும் குறைந்தது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. மூச்சு வாங்காத வேலைதான், ஆனால் தசைக்கு அது நல்ல வேலை. ஏற மூச்சில்லாத பெரியவர்கள் மேலே பஸ்ஸில் போய்விட்டு நடந்து இறங்கலாம். முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் கைத்தடியோடு, சரிவு குறைந்த பாதையில்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் கொடுக்கிற வேலை என்பது பொதுவான அளவு. மண்வெட்டி பிடிப்பதும் விறகு சுமப்பதும் அதில் சேரும்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்து, நடையைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, தலை சுற்றும். எஸ்டேட் பாதையில் தனியே போகும்போது அது ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொண்டு மாற்றங்களைத் தொடங்குங்கள், பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். அளவு நன்றாக இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

## குளிர், பீடி, குடி

குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் கூடுகிறது. மாரடைப்பு குளிர்காலத்தில் கூடுதலாக வருவதும் தெரிந்த விஷயம். உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் இதய நோய் உள்ளவர்கள் விடியற்காலை நடையை வெயில் வந்த பிறகு தள்ளி வைப்பது நல்லது. குல்லாயும் மப்ளரும் கட்டாயம்.

குளிருக்காகக் குடிப்பதில் நியாயமே இல்லை. சாராயம் தோலின் குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடு வந்தது போலத் தோன்றுகிறது, உண்மையில் உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ட்ரைகிளிசரைடும் அழுத்தமும் வேறு ஏறும். பீடிக்கும் சிகரெட்டுக்கும் "குறைவாக" என்ற அளவே கிடையாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றுகிறது. தோட்டத்தில் அது சகஜமாகிவிட்டதால் யாரும் அதைக் கெட்ட பழக்கமாகவே எண்ணுவதில்லை.

## எந்த எண்ணைப் பார்ப்பது?

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை (டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) 100-க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை முன்நிலை. 126-ம் அதற்கு மேலும் நோய். "மூன்று மாதச் சராசரி" என்று லேபில் சொல்கிற எச்பிஏ1சி, ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் சதவீதம். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் அத்தனை நாள் கணக்கையும் அது காட்டிவிடும். 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-ம் அதற்கு மேலும் நோய், இடையில் முன்நிலை. டெஸ்ட்டுக்கு முதல் நாள் மட்டும் பத்தியமாக இருந்து இதை ஏமாற்ற முடியாது. ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் மறுபடி மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

30 வயது ஆனதும், வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால் அதற்கும் முன்பே, ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். வருகிறவரிடம் "எனக்கெல்லாம் ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பாமல் கையை நீட்டுங்கள்.

## "கேஸ்தான்" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்த மாதிரி வலி, இடது கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவுவது, குளிரிலும் வியர்ப்பது, மூச்சு முட்டுவது. இவை மாரடைப்பின் அடையாளங்கள். சுகர் வெகுநாள் இருந்தால் நரம்புகள் மரத்துவிடும். அதனால் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலும், மேல்வயிற்றில் ஒரு சங்கடமும், சொல்லத் தெரியாத அசதியுமாகவே அது வரலாம். நம் ஆட்கள் சோடா குடித்துவிட்டு, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது.

மலையில் தூரமும் ஒரு பிரச்சினை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே 30 கிலோமீட்டருக்கு மேல், அதற்கப்புறம் கோவை. மழையில் மரம் விழுந்தால் பாதையே கிடையாது. 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. அதனால் நேரே கோவைக்கு வண்டி பிடிக்காமல், 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்து சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்து அந்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டு இறங்குவது நல்லது. நோயாளி பைக் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, படி ஏறக்கூடாது. உங்கள் ஊருக்கு எந்த நிலையம் பக்கம், இரவில் யார் வீட்டு வண்டி கிடைக்கும் என்பதை இன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட.